மூன்று பிடி மண்: காரைக்கால் முகத்துவாரத்தில் அக்கா முங்காத அமாவாசை

தை அமாவாசைக்குக் காரைக்கால் போவது எனக்கு வழக்கமில்லை. இந்த வருஷம் அக்காவோடு சண்டை போடுவதற்காகவே போனேன். அக்கா மல்லிகா இருப்பது கோட்டுச்சேரியில். போன வருஷம் அவளுக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்து வந்தால், அரசலாறு கடலில் சேருமிடத்தில் தை அமாவாசையன்று முங்குவதாக ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே வேண்டிக்கொண்டாள். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க அவள் சாப்பிடும் மாத்திரை, நோய் எதிர்ப்பையும் சேர்த்து அடக்கிவிடும். கண்ட தண்ணீரில் இறங்காதே என்று டாக்டர் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

நான் திருச்சியில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். முன்கூட்டியே அத்தானிடம் அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து அனுப்பச் சொல்லியிருந்தேன். மலக்கிருமி ஏறக்குறைய இல்லை என்று முடிவு வந்தது. அக்காவுக்குக் கொண்டாட்டம். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு கிளம்பினேன். மயிலாடுதுறை வரை ரயில், பிறகு பேருந்து. காரைக்கால் சுமார் நாற்பது கிலோமீட்டர். பொறையார் வழியாகப் போகும் வண்டியில் ஏறினால் கோட்டுச்சேரியிலேயே இறங்கிக்கொள்ளலாம். ஜன்னலோர இடம் கிடைத்தால் விடாதீர்கள், வழியெல்லாம் அறுவடைக்கு நிற்கும் சம்பா.

வீட்டில் காப்பியை வாங்கிக்கொண்டு அத்தானிடம் முதலில் கேட்டது, அந்தத் தண்ணீரை எப்படிப் பிடித்தீர்கள் என்பதைத்தான்.

“நல்லாத்தான் மொண்டேன்மா. கடத்தண்ணி உள்ள ஏறுற நேரமாப் பாத்து, மேல கெடந்த நொரையக் கையால ஒதுக்கிட்டு, தெளிஞ்ச எடமா மொண்டேன். ஆய்வுக்குன்னு கேக்குற, அழுக்குத் தண்ணியவா அனுப்புறது?”

பூஜைக்கு மொள்வதுபோல் மொண்டிருக்கிறார். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

மத்தியானம் கடல் உள்வாங்கி ஆற்றுத் தண்ணீர் இறங்கும் நேரம் பார்த்து இரண்டு பேரும் முகத்துவாரத்துக்குப் போனோம். காரைக்கால் பேருந்து நிலையத்திலிருந்து கடற்கரை மூன்று கிலோமீட்டருக்குள்தான், ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கொடுத்தோம். ஆற்றை ஒட்டிய நடைபாதை அழகு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சனங்கள் முங்குகிற படித்துறையில் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாகவே இருந்தது. முதல் பாட்டிலை அப்படியே நிரப்பினேன். பிறகு, அமாவாசையன்று செய்வதையெல்லாம் இப்போதே செய்யுங்கள் என்று அத்தானிடம் சொன்னேன்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. முங்குவதற்கு முன்னால் தண்ணீருக்கடியிலிருந்து மூன்று பிடி மண்ணை அள்ளிக் கரையில் போட வேண்டும். அத்தான் இறங்கி, குனிந்து மூன்று பிடி அள்ளிப் போட்டார். கறுப்புச் சேறு. சுற்றிலும் தண்ணீர் கலங்கிக் கஷாயமாகிவிட்டது. இரண்டாவது பாட்டிலை அதில் நிரப்பினேன், சேற்றில் கொஞ்சத்தைத் தனியாக எடுத்துக்கொண்டேன். அத்தானைக் கரையேற்றி சோப்புப் போட்டுக் கழுவ வைத்தேன். மூன்றையும் ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே நாகப்பட்டினத்தில் தோழி வேலை பார்க்கும் ஆய்வகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இருபது கிலோமீட்டர், பேருந்து அடிக்கடி உண்டு.

மறுநாள் சாயங்காலம் தோழி செல்போனில் படம் அனுப்பினாள். கிருமி வளர்க்கும் மூன்று தட்டுகள். முதல் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள். கலங்கின தண்ணீரின் தட்டில் எண்ண முடியாத அளவுக்கு. சேற்றின் தட்டில் புள்ளியே தெரியவில்லை, எல்லாம் ஒன்றாகப் படர்ந்திருந்தது. மேல்தண்ணீரில் வெயிலும் உப்பும் மலக்கிருமியைக் கொன்றுவிடும். சேற்றில் வெயில் படாது, தின்னவும் கிடைக்கும், அதனால் அங்கே நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். காலால் கலக்கினால் மேலே வரும்.

அக்கா படத்தை வெகுநேரம் பார்த்தாள். இன்னும் முங்கத்தான் நினைக்கிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உன்னை அந்தப் படியில் இறங்க விடமாட்டேன், வேண்டுமானால் என்னைத் தள்ளிவிட்டுப் போ என்று கத்தினேன். அவள் எழுந்து போய்க் கொல்லையிலிருந்த பெயிண்ட் வாளியைக் கழுவ ஆரம்பித்தாள்.

அமாவாசையன்று காலையில் படித்துறையில் நல்ல கூட்டம். அத்தான் கரையிலேயே தர்ப்பணம் கொடுத்தார். அக்கா மேல்படியில் நின்றுகொண்டாள், ஒரு படி கீழே இறங்கவில்லை. கையுறை மாட்டிய அத்தான் மூன்று பிடி மண்ணை அள்ளி வாளியில் போட்டார். பக்கத்தில் குழந்தையோடு இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெண், மண்ணைக் கரையில் போடாமல் எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டாள். அக்கா செல்போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினாள். அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். அவள் வீட்டுக்காரரும் மூன்று பிடி அள்ளி எங்கள் வாளியில் போட்டார். அதற்குப் பிறகு வாளி நிறைய நேரமாகவில்லை.

வாளியோடு, ஆற்றில் கழிவு கலப்பதைக் கவனிக்க வேண்டிய அரசு அலுவலகத்துக்கு நேராகப் போனோம். ஆறு பல ஊர் தாண்டி வருகிறது, சாக்கடையை விடுவது யாரென்று சொல்வது என்று அங்கிருந்தவர் ஆரம்பித்தார். அத்தான் வாளியை அவர் மேசை மேல் வைத்து மூடியைத் திறந்தார். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, நாறுகிறது, முதலில் வெளியே எடுங்கள் என்றார்.

“நாறுதுல்லங்க?” என்றாள் அக்கா. “இதுலதாங்க நாங்க முங்குறோம்.”

அவர் கையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. அக்கா எழுதிக் கொண்டுவந்திருந்த மனுவை மறு கையால் வாங்கிக்கொண்டார்.

போகிறவர்களுக்கு: காரைக்கால் கடற்கரைக்குத் தாராளமாகப் போங்கள். ஆற்று வாயில் குளிக்காதீர்கள், மழை பெய்த மறுநாளும் தண்ணீர் இறங்கும் நேரத்திலும் இறங்கவே இறங்காதீர்கள். சேற்றில் குழந்தைகளை விளையாட விடாதீர்கள். தெளிந்த தண்ணீரைப் பார்த்து ஏமாறாதீர்கள். தண்ணீரைப் பரிசோதிக்கிறோம் என்று யாராவது சொன்னால், சேற்றையும் பரிசோதித்தீர்களா என்று கேளுங்கள்.

முங்காமல் வந்துவிட்டாயே, வேண்டுதல் என்ன ஆவது என்று திரும்பும் வழியில் அக்காவைச் சீண்டினேன்.

“வேண்டுதல் அப்புடியேதான் இருக்கு” என்றாள். “மூணு பிடி மண்ண எதுக்கு அள்ளிப் போடச் சொன்னாங்க? தூரெடுத்துட்டு அப்பறம் முங்குன்னுதான். இன்னும் தூரெடுத்து முடியல. அமாவாசைக்கு அமாவாசை அள்ளிட்டுப் போவேன். அவங்க மேசை காலியாத்தானே இருக்கு.”

வாளியைக் கழுவி வாசலிலேயே கவிழ்த்து வைத்திருக்கிறாள்.