மலை இல்லாத ஊரில் மலையேறும் வண்டி

தூத்துக்குடியில் ஏறுவதற்கு மலை கிடையாது. உயரம் என்றால் உப்பளத்தில் குவித்து வைத்திருக்கும் அம்பாரம்தான், அதன்மேல் யாரும் கார் ஏற்றப் போவதில்லை. ஆனாலும் எங்கள் மில்லர்புரத் தெருவில் காலையில் நடந்தால் வீட்டுக்கு வீடு மலையேறும் வண்டி நிற்கிறது. முன்பெல்லாம் காரை உள்ளே விட்டு கேட்டைப் பூட்டியவர்கள், இப்போது கேட்டை மூட முடியாமல் வண்டியின் வாலைத் தெருவில் விட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். அதில் ஒரு வால் என்னுடையது.

ஏன் எஸ்யூவி வாங்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஒவ்வொருவரும் ஒரு காரணத்தைத் தயாராக வைத்திருப்பார்கள். எதிர்வீட்டு டாக்டர் மழைத்தண்ணீர் என்பார். அது நிஜம்தான், ஐப்பசி கார்த்திகையில் எங்கள் ஊர்த் தெருக்களில் பாதி குளமாகிவிடும். என்னோடு வேலை பார்க்கும் கணக்கு வாத்தியார் முழங்கால் வலி என்பார், குனிந்து ஏற முடியவில்லையாம். அவருடைய சகலை அதே வண்டியை வாங்கிக்கொண்டு வந்து காட்டிய பிறகுதான் அவருக்கு முழங்கால் வலிக்க ஆரம்பித்தது என்பது எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கே தெரியும். நானும் மழை, பள்ளம், வேகத்தடை என்று மூன்று நான்கு காரணங்களை வைத்துக்கொண்டு கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தேன். உண்மையான காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, கட்டின புருஷனிடம்கூட.

நான் குள்ளம். கரும்பலகையில் என் எழுத்து எப்போதும் கீழ்ப்பாதியில்தான் இருக்கும். ஆறுமுகநேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சராக இருக்கிறேன். தூத்துக்குடிக்கு உள்ளேயே இருந்தவளை அங்கே மாற்றிப் போட்டபோது முதலில் பஸ்ஸில்தான் போய்வந்தேன். திருச்செந்தூர் போகிற கூட்டத்துக்கு நடுவே ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு போய் இறங்கினால், முதல் பீரியடுக்கே பாதி உயிர்தான் மிச்சம் இருக்கும். அதனால் நாற்பது வயதைத் தாண்டிய பிறகு கார் ஓட்டப் படித்தேன். என் கணவர் துறைமுகத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறவர், ஸ்கூட்டரில் போய்விடுவார். வீட்டில் இருந்த டிக்கி வைத்த பழைய கார் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவதற்கென்றே துடைத்து வைத்தது. அதை வாரநாளில் நான் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாராவது எதையாவது தேடிக்கொண்டு என்னைக் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்கவே வேண்டாம். கார்க் கதவைச் சாத்திவிட்டால் ஆறுமுகநேரி போகிறவரை யாரும் என்னைக் கூப்பிட முடியாது. கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சத்தமாகப் பாடுவேன், என் குரல் அப்படியொன்றும் நல்ல குரல் இல்லை. இரண்டு பக்கமும் உப்பளம் வெள்ளையாக விரிந்து கிடக்கும். அந்த நேரம் எனக்கே எனக்கென்று இருந்தது.

ஆனால் அந்தப் பழைய காரில் உட்கார்ந்தால் ஏதோ பாயில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். சீட்டில் தலையணை போட்டும் பார்த்துவிட்டேன். திருச்செந்தூர் ரோட்டில் உப்பு லாரியும் துறைமுகத்து டிரெய்லரும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு நாள் முள்ளக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு டிரெய்லர் என் பக்கமாக ஒதுங்கிக்கொண்டே வந்தது. நான் இருப்பது அந்த டிரைவருக்குத் தெரியவே இல்லை. ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் அழுத்தினேன். ஜன்னலை டயர் அடைத்துக்கொண்ட பிறகுதான் டிரெய்லர் நின்றது. டிரைவர் இறங்கி ஓடிவந்தார். "தெரியலம்மா, சத்தியமா தெரியல, நீங்க கீழ இருக்கிய" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் பள்ளிக்கூடம் போய் அமிலமும் காரமும் நடத்தினேன். அன்றிலிருந்து டயரைக் கண்டாலே ஸ்டியரிங்கை ரோட்டோரத்துக்கு ஒடித்துவிடுவேன்.

இதைக் கணவரிடம் சொல்லலாம்தான். அவர் கோபக்காரர் இல்லை, அதுதான் பிரச்சினையே. "ஒனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம், பஸ்ஸுல போளா" என்று அத்தனை பாசமாகச் சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிடுவார். கோபமாகப் பிடுங்கினால் சண்டை போட்டுத் திரும்ப வாங்கிவிடலாம், பாசமாக வாங்கினால் என்ன செய்ய முடியும்? அதனால் வாயை மூடிக்கொண்டு தினமும் பயந்துகொண்டே ஓட்டினேன். உயரமான வண்டி வந்தால் லாரிக்காரன் என்னைப் பார்ப்பான், நானும் அவனைப் பார்ப்பேன், பயமும் போய்விடும், சாவியும் என்னிடமே இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

அந்த வருஷ மழையில் பழைய கார் எங்கள் தெருத் தண்ணீரிலேயே மூச்சை நிறுத்தியது. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். புதுக் கார் வாங்குவது என்று முடிவானதும் நாசரேத்திலிருந்து என் கணவரின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், வந்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் அவர் இல்லாமல் ஃபேன்கூட வாங்க மாட்டோம்.

கணவருக்கு மறுபடியும் டிக்கி வைத்த கார்தான் வேண்டும். "பின்னால டிக்கி நீட்டிக்கிட்டு இருந்தாத்தான் அது காரு. மத்ததெல்லாம் பாதியில வெட்டி விட்ட மாதிரி இருக்கு" என்றார்.

"நான் சொல்லுதேன், ஏழு பேரு போற வண்டியா எடுங்க. அசனச் சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒண்ணா வந்துரலாம்லா" என்றார் அத்தான்.

"எல்லாரும்னா யாரு அத்தான்?" என்றேன். அவர் தன் வீட்டிலிருந்து ஆரம்பித்து விரல்விட்டு எண்ணினார். நாசரேத்தை முடித்துச் சாத்தான்குளத்துக்குள் நுழைவதற்குள் இரண்டு கை விரலும் தீர்ந்துவிட்டது.

ஏழு பேர் வண்டியின் கதை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தமிழ் டீச்சர் வீட்டில் வெள்ளைக் கலரில் ஒன்று இருக்கிறது. திருவிழாச் சமயத்தில் அவர் திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சற்று நிறுத்திவிட்டால் போதும், வாடகை வண்டி என்று நினைத்து ஒரு குடும்பமே கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிடும். ஒரு தடவை ஏறினவர்கள் இறங்க மறுத்து, ஏசி போடச் சொல்லியிருக்கிறார்கள். அந்நியர்களையாவது இறக்கிவிடலாம், நாசரேத்துக்காரர்களை எப்படி இறக்குவது? காலியாக ஒரு சீட் ஓடினால் எங்கள் ஜனங்களுக்கு மனது கேட்காது. பின்பக்கம் நீளமாக இருக்கிற வேகன் என்ற ஒன்றும் உண்டே என்று கணவர் போகிறபோக்கில் சொல்லிப் பார்த்தார். தெருவுக்குள் அது வந்து நின்றால் சவ வண்டி என்று நினைத்து, யார் வீட்டில் துக்கம் என்று ஆட்கள் துண்டைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று அத்தானே சொல்லிவிட்டார்.

ஷோரூமுக்கு மூன்று பேரும் போனோம். டை கட்டின விற்பனையாளர் என் கணவரைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். ஓட்டப் போகிறது நான் என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பி, "மேடம், இதுல நீங்க மலை ஏறலாம், ஆத்துல இறங்கலாம், பாலைவனத்துல போகலாம்" என்றார்.

"நான் ஆறுமுகநேரி போகணும்" என்றேன்.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து, ஒரு வழியாக ஏறி உட்கார்ந்தேன். சீட்டை உயர்த்துகிற லீவரை அவர் காட்டினார். உயர்த்தினேன், இன்னும் உயர்த்தினேன். ஷோரூமுக்கு வெளியே ரோட்டில் ஒரு டிரெய்லர் போனது. அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் வாயில் குச்சி வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டது எனக்கு அப்படியே தெரிந்தது. லாரிக்கு மேலே ஒரு முகம் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "இதுதான்" என்றேன். மழை, பள்ளம், வேகத்தடை என்று என் காரணங்களை எல்லாம் அடுக்கினேன். அத்தான்கூட ஒத்துக்கொண்டார். கணவர் கடைசிவரை அதன் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வண்டியை எங்கள் சபை ஐயர், அதாவது போதகர், வந்து ஜெபம்பண்ணிக் கொடுத்தார். பானெட்டில் கை வைக்க அவர் எம்பவேண்டியிருந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் இன்னொரு வேடிக்கை. பழைய காருக்குக் கேட்டில் ஒரு கதவை மட்டும் திறக்கிற வாட்ச்மேன் அண்ணாச்சி அன்றைக்கு இரண்டையும் திறந்துவிட்டு நிமிர்ந்து நின்றார். உள்ளே இருந்தது அதே ஆள், அதே டிபன் பாக்ஸ். ஆனாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

பயம் போனது. போனதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, கொஞ்சம் திமிரும் வந்துவிட்டது. வேகத்தடை என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. பழைய கார் அடிவயிறு உரசிக் கத்தும், அதற்குப் பயந்து ஊர்ந்து போவேன். இதில் மெத்தென்று ஏறி இறங்கிவிடும்.

அப்படியிருக்கும்போதுதான் நாசரேத்தில் அசனம் வந்தது. எங்கள் பக்கத்துச் சபைகளில் பண்டிகையை ஒட்டி ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்துக்கு அசனம் என்று பெயர். சாப்பிட்டால் மட்டும் போதாது, வாளியில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் வாங்கிக்கொண்டு வந்து தெருவில் பங்கு வைக்கவேண்டும். வெறும் கையோடு வந்தால் மில்லர்புரத்தில் ஒருவரும் முகம் கொடுக்க மாட்டார்கள். வழக்கமாகக் குழம்பு வாளியைக் கணவர் முன்சீட்டில் இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வீடு வருகிறவரை அசையாமல் வருவார்.

இந்தத் தடவை அத்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நான்தான் பின்கதவைத் திறந்தேன். "பெரிய வண்டில்லா, பின்னால வைங்க" என்றேன். கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

ஆற்றுப் பாலம் தாண்டி, பழையகாயல் பக்கம் உப்பளம் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு வேகத்தடை. வழக்கம்போல மெத்தென்று ஏறி இறங்கினேன். முன்னால் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் டங்கென்று ஒரு சத்தம், கூடவே வண்டி முழுக்கக் கறிமசாலா மணம். இந்த மாதிரி வண்டியில் டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவே சுவர் கிடையாது. குழம்பு சீட்டுக்கு அடியில் புகுந்து, ஒரு கறித்துண்டு என் செருப்பு வரைக்கும் வந்து சேர்ந்தது.

ஓரமாக நிறுத்தினேன். கணவர் சாவியை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "எறங்கு. மிச்ச தூரம் நான் ஓட்டுதேன்" என்றார், திட்டவில்லை. நான் பயந்துகொண்டே இருந்த குரல் அதுதான், அந்தப் பாசமான குரல்.

இரண்டு பேரும் வண்டிக்குள் கிடந்த மிதியடிகளை வெளியே எடுத்துப்போட்டு ரோட்டோரம் குத்தவைத்துத் துடைத்தோம். எனக்கு அழுகையும் வந்தது, அவர் முழங்கை வரை குழம்பாக இருப்பதைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது. அப்போது உப்பு லாரி ஒன்று எங்களை ஒட்டிப் போனது. அவர் அப்படியே பின்னால் சாய்ந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏளா, டயரு தலைக்கு மேலல்லா போவுது!"

"பழைய கார்ல தெனமும் எனக்கு அதான் தெரியும்" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

"கார்ல இருந்தா?"

"நீங்க வளந்த மனுசன். ஒங்களுக்கு லாரி தெரியும். எனக்கு டயரு மட்டுந்தான் தெரியும்."

பிறகு மறைக்க ஒன்றும் இல்லை. முள்ளக்காட்டில் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்ற டிரெய்லரைப் பற்றிச் சொன்னேன். துடைக்கிறதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இத்தன நாளும் பயந்துக்கிட்டேவா ஓட்டுன?"

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா சாவிய வாங்கி வச்சிருப்பிய."

அப்படியெல்லாம் செய்வேனா என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் துணியை எடுத்துக் கடைசிச் சொட்டு வரை பிழிந்தார், உதறினார், மடித்தார்.

"ஆமா. வாங்கித்தான் வச்சிருப்பேன்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் இத்தனை நாள் பயந்தது சரிதான் என்ற வருத்தம் ஒரு பக்கம், இந்த மனிதர் எனக்காகக்கூட ஒரு பொய் சொல்லவில்லையே என்ற சந்தோஷம் ஒரு பக்கம். அவர் எழுந்து பின்கதவைச் சாத்தினார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, இடது பக்கமாகச் சுற்றிப் போய் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். சாவியெல்லாம் குழம்பு. நான் துடைக்காமலேயே வண்டியை எடுத்தேன்.