யாரும் போடாத கையுறை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். நான் சோதனைப் பொறியாளர். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறை. விண்வெளி உடையின் கையுறைகளில் காற்றேற்றி, கசிகிறதா என்று பார்ப்பது என் வேலை. முதலாளி ஏழுமலை, பக்கத்து ஊரான பாடியில் லேத் மெஷின் ஓட்டி மேலே வந்தவர். அன்று மேசையில் இருந்தது, விண்வெளிக்குத் தேர்வான ஒரு விமானப்படை அதிகாரியின் அளவுக்குத் தைத்த இடது கையுறை. அவரே இன்னும் போட்டுப் பார்க்காதது.

அளவு கொடுக்க அவர் ஒருமுறை வந்திருந்தார். ஆவடி பக்கம் சேக்காட்டில் வளர்ந்தவர், ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவரின் மகன். முதலில் போர் விமானம், பிறகு பல வருடம் புது விமானங்களைச் சோதித்து ஓட்டும் வேலை, இப்போது இது. நான் திரையைப் பார்த்துப் பார்த்து எழுதுவதைக் கவனித்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாம்மா, மெஷின் சொல்றத நீ எதுக்கு எழுதற? அதுவே வச்சிருக்குமே. நீ பாத்தத மொதல்ல எழுது, அப்பறம் மீட்டரப் பாரு."

சோதனை விமானிகளின் பழக்கமாம். தொடையில் கட்டிய அட்டையில், உடம்பு உணர்ந்ததை முதலில் எழுதிவிட வேண்டும், கருவியைப் பார்த்துவிட்டால் மனசு அதற்குத் தகுந்தபடி மாறிவிடும். ஒருமுறை இருக்கை அதிர்ந்தது என்று எழுதினாராம், எந்தக் கருவியும் அதைக் காட்டவில்லை, எல்லோரும் கேலி செய்தார்கள், பிறகு எஞ்சினைக் கழற்றினால் உள்ளே விரிசல்.

"எழுதனத மட்டும் அடிக்காத," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சோதனை நாள். காலை பதினொன்று நாற்பது, வெளியே நல்ல வெயில். கையுறையை மணிக்கட்டில் இரும்பு வளையத்தோடு பூட்டி, காற்றேற்றி, இரும்பு மேசையில் கிடத்தியிருந்தேன். காற்று நிரம்பிய விரல் கட்டை மாதிரி விறைத்திருக்கும், இரண்டு கையாலும் அழுத்தினால்தான் மடங்கும். அதன் ஆள்காட்டி விரல் தானாக மடங்கி மேசையைத் தட்டியது. நிதானமாக. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு நிமிர்ந்துகொண்டது.

நான் கத்தவில்லை. எழுதினேன்: '11.40. ஆள்காட்டி விரல் மூன்று முறை தட்டியது.' அதன் பிறகே மீட்டரைப் பார்த்தேன். முள் அசையவே இல்லை.

ஏழுமலை சார் தாளைப் படித்தார். "இன்னா பாப்பா, கை ஆடுச்சா? நாளைக்கு சரக்கு போவணும். அந்த வரிய அடிச்சிட்டு கையெழுத்து போடு."

"அடிக்க மாட்டேன் சார்."

"பைத்தியக்காரப் பட்டறைன்னுவான். ஆர்டர் பூட்டா ஒன் வேலையும் பூடும்."

"போனா போகட்டும் சார். நான் பாத்தேன்."

என் கையெழுத்து இல்லாமல் அனுப்ப முடியாது. அந்த வரியோடுதான் தாள் போனது. சரக்கு நின்றது. இரண்டு வாரம் எனக்கு வேலையே தரவில்லை, வந்து உட்கார்ந்துவிட்டுப் போனேன்.

பிறகு அந்த விமானப்படை அதிகாரியே போன் செய்தார்.

"பதினொன்னு நாப்பது, நிச்சயமா?"

"நிச்சயம் சார்."

அதே நேரம் அவர் வேறு ஊரில், பூட்டிய பயிற்சி அறையில் இருந்திருக்கிறார். அவர் அட்டையில் எழுதியது: 'இடது ஆள்காட்டி விரல் மரத்தது. சில்லென்ற இரும்பைத் தட்டுவது போல.'

"டாக்டருங்க ஒண்ணுமில்லன்றாங்க. அந்த வரிய அடிச்சுடு, மேல போலாம்னு கூட இருந்தவங்க சொன்னாங்க. அடிக்கல. ரெண்டு வாரமா பயிற்சிக்கு விடல, தரையிலதான் கீறேன்." என் தாளின் நகலும் அவர் கையில் இருந்தது. "நீ மூணுன்னு எழுதிகீற. நான் அதுக்குக் கீழ நாலு தபான்னு எழுதிகீறேன்."

அவரைத் திரும்பப் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார்கள். கையுறையை மட்டும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை, என் அலமாரியில்தான் இருக்கிறது. ஏழுமலை சார் இப்போது வேறு மாதிரி கெஞ்சுகிறார்: "நீயும் நாலுன்னு மாத்திடேம்மா, ரெண்டும் ஒத்துப் போவட்டும்."

மாற்ற மாட்டேன். நான் பார்த்தது மூன்று.

ஆனால் சோதனை மேசைக்கு மேலே இருக்கும் கேமராவின் அன்றைய பதிவைப் போட்டுப் பார்த்தேன். கையுறை அசையவில்லை. பக்கத்தில் நான் குனிந்து நிற்கிறேன், உதடு எண்ணுகிறது. ஒன்று. இரண்டு. மூன்று. பேனாவை எடுக்கிறேன், எழுதுகிறேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே உதடு இன்னொரு முறை அசைகிறது.

நாலு.