மாமாவின் படகுக்கு எந்த ஸ்டியரிங்

செஞ்சியில் ஒரு படகு வந்து நின்றால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். போன ஐப்பசியில் என் பட்டறை வாசலில் மினி லாரியில் வந்து இறங்கியது, அக்கா வீட்டுக்காரரின் ஃபைபர் படகு. பின்னால் மோட்டார், நடுவில் சுற்றுலா வருகிறவர்கள் உட்கார எட்டு சீட்டு. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, சங்கராபரணி ஆத்துல உடப்போறியா? முட்டிகால் தண்ணி கூட இல்லியே" என்றார். அவலூர்பேட்டை பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் இரண்டு பேர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

டிராக்டருக்கும் பொக்லைனுக்கும் ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பாகங்களின் வேலை பார்ப்பதுதான் என் தொழில். ஹோஸ் மாற்றுவது, பம்ப் பிரிப்பது, சிலிண்டருக்கு சீல் போடுவது. இருபது வருஷமாக இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. எண்ணெய் தள்ளாத எதையும் நான் மெஷின் என்று மதித்ததில்லை.

மாமா மரக்காணம் பக்கத்து உப்பங்கழியில் படகு ஓட்டுகிறார். படகில் இருந்தது கேபிள் ஸ்டியரிங். சக்கரத்தைத் திருப்பினால் நீளமான உறைக்குள் இருக்கும் கம்பி போய்வரும். அதன் முனையில் உள்ள தண்டு, மோட்டாரில் இருக்கும் குழாய் வழியாகப் போய்வந்து மோட்டாரைத் திருப்பும். இரண்டு வருஷமாக அந்தச் சக்கரம் கல்லாக இறுகிக்கொண்டே வந்தது. அதோடு மல்லுக்கட்டி அவருடைய வலது தோள் போய்விட்டது. இனி அந்தக் கையால் இழுத்து வேலை செய்தால் மூட்டு தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மழைக்காலத்தில் கழியில் ஓட்டம் இல்லை. தை மாதம் மறுபடி சவாரி தொடங்குவதற்குள் சக்கரம் லேசாகவில்லை என்றால் படகை விற்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். அவருக்கு வேறு தொழில் தெரியாது.

"கேபிளைத் தூக்கிப் போடுங்க மாமா. ஹைட்ராலிக் மாட்டிடலாம். ஒத்த விரல்ல திருப்பலாம்" என்று போனிலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தேன். புதுச்சேரியில் தெரிந்த கடையிலிருந்து ஒரு ஹைட்ராலிக் செட்டையும் வாங்கி வைத்துவிட்டேன். பெட்டியைப் பிரிக்காமல் இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். திருப்பிக் கொடுக்கும்படி நேராது என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

மாமாவுக்கு அரை மனசுதான். படகை இறக்கியதுமே ஆரம்பித்தார்.

"மச்சான், கேபிள் போச்சுன்னா கழியில நின்னே நான் வேற மாட்டிடுவேன். உன் சரக்கு எண்ணெ ஒழுகுச்சுன்னா? காத்து பூந்துச்சுன்னா? செஞ்சிக்கு நீந்தியா வர்றது?"

"நான் வரேன் மாமா. ரெண்டு மணி நேரம்."

"அதுவரிக்கும் சவாரிக்கு வந்தவங்கள நடுத்தண்ணியில வச்சி இன்னா பண்ண, கத சொல்றதா?"

அக்கா குறுக்கே வந்தாள். "அவன் இன்னா சொல்றானோ அத்த செய்ங்க. அவன் கை பட்டா எதுவும் கெடாது." என் தோளில் தட்டிவிட்டு, பட்டறைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சமையலைப் பார்க்கப் போனாள். மாமா டீக்கடைக்குப் போனார். நான் பழைய கேபிளைக் கழற்ற உட்கார்ந்தேன்.

குழாயிலிருந்து தண்டு வெளியே வரவில்லை. கட்டையை வைத்து மரச் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்கினேன். கடைசியில் வந்தபோது அதன் மேல் முற்றிய வெல்லப்பாகு மாதிரி ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். மேலே கறுப்பு, உள்ளே சிவப்பு.

சிவப்பு கிரீஸ். படகுக்காரர்கள் போடுவது உப்புத்தண்ணீருக்கென்று வரும் நீல கிரீஸ். சிவப்பு, என் பட்டறையில் வாளி வாளியாக இருப்பது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அக்கா மகளின் மஞ்சள் நீராட்டுக்குப் போயிருந்தேன். சீர்வரிசையோடு என் கிரீஸ் கன்னும் வண்டியில் போயிருந்தது. விசேஷம் முடிந்து சும்மா இருக்க முடியாமல் கரைக்குப் போய்ப் படகைப் பார்த்தேன். மோட்டாரின் குழாயில் கிரீஸ் அடிப்பதற்கான ஒரு நிப்பிள் தெரிந்தது. எங்கள் தொழிலில் நிப்பிளைக் கண்டால் கை நிற்காது. பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடிக்க வேண்டும் என்பது டிராக்டர் பாடம். இங்கே பிதுங்கவில்லை. இன்னும் அடித்தேன். தண்டை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு, அதுவும் அளவாகத்தான் அடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. வெளியே நீட்டி நிற்கும்போதே திணித்துவிட்டேன். உப்புத் தண்ணீர் பட்டால் இந்த கிரீஸ் இறுகும் என்பதும் தெரியாது. அன்றைக்கே மாமா, "கொஞ்சம் டைட்டா இருக்குது மச்சான்" என்றார். "புது கிரீஸ் மாமா, ஓட ஓட எளகிடும்" என்றேன். அவரும் இரண்டு வருஷம் ஓட்டிப் பார்த்திருக்கிறார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

தண்டு குழாய்க்கு வெளியே இருக்க, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஒரே விரலில் போனது. கேபிளில் ஒரு குறையும் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, நான் அதைத்தான் வைதுகொண்டிருந்தேன்.

எதிரே ஹைட்ராலிக் பெட்டி. அதைப் பிரித்து மாட்டிவிட்டால் கேபிள் பழைய இரும்புக்காரனிடம் போய்விடும். மாமாவுக்குச் சக்கரமும் லேசாகும், அக்காவும் என்னை மெச்சுவாள், யாருக்கும் எதுவும் தெரியாது. கத்தியை எடுத்து பெட்டியின் டேப் மேல் வைத்தேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மாமாவின் தோளுக்கு நல்லதுதானே என்று ஒரு நியாயம்கூடக் கிடைத்துவிட்டது. ஆனால் நாற்பது குதிரைத்திறன் மோட்டாருக்கு நல்ல கேபிளே போதும். நடுத்தண்ணீரில் எண்ணெய் ஒழுகினால் அவர் சொன்ன கதைதான் நடக்கும். என் மானத்தைக் காப்பாற்ற அந்த மனுஷனை இன்னொரு தடவை கழியில் தவிக்கவிடுவதா? கத்தியைக் கீழே போட்டேன்.

குழாயைத் துணி சுற்றிய கம்பியால் டீசல் விட்டுத் துடைத்தேன். மாமாவின் பையில் இருந்த நீல கிரீஸைத் தண்டில் மெல்லிசாகப் பூசி மாட்டினேன். அவர் வந்ததும், "திருப்புங்க மாமா" என்றேன். இடது கையால் தொட்டார். மோட்டார் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்தது. நாலைந்து தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "அதுக்குள்ள மாட்டிட்டியா?" என்றார்.

"இது கேபிள்தான் மாமா. கெடுத்தது நான்."

அவரைச் சாப்பிடக் கூப்பிட வந்த அக்காவும் நின்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். சுரண்டி எடுத்ததைக் காகிதத்தில் வைத்துக் காட்டினேன். மாமா அதைத் தொடவில்லை. "அப்ப பொட்டியத் திருப்பி அனுப்பிடு. தையில சவாரி ஆரம்பிச்சிடலாம்" என்றார்.

அக்கா அந்தக் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். "ரெண்டு வருசமா, வயசாயிடுச்சி, உனுக்குத் தெம்பு இல்லன்னு இவரத்தான்டா திட்டிகினு இருந்தேன்."

சாப்பாடு முடிந்ததும் மாமா சட்டையைக் கழற்றிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அக்கா பையிலிருந்து தைல பாட்டிலை எடுத்து, திறக்காமல் என் கையில் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். நான் தேய்த்தேன். வலது கையைப் பிடித்து மெல்ல மேலே தூக்கினேன். காது உயரத்துக்கு வந்து நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் தூக்கப் பார்த்தேன்.

"அவ்ளோதான் மச்சான். அதுக்கு மேல வராது" என்றார், எனக்கு ஆறுதல் சொல்கிறவர் மாதிரி.