பேய்க்கு ஒரு வெள்ளைச் சேலை

பிள்ளைகளே, நேற்று இரண்டு பேரும், ஹலோவீனுக்கு ஆங்கில வகுப்பில் பேய்க்கதைகளை மீட்டிப் பார்க்கிறோம், மனிதருக்கு ஏன் பயம் வருகிறது என்றும் படிக்கிறோம், அப்பாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று டேனிஷில் சொல்லிச் சிரித்தீர்கள். தெரியும். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனவன்தான் நான். ஆனால் ஆறாம் வகுப்பில் ஒரு நாள் பேயாக நின்றிருக்கிறேன், அதுவும் ஆங்கிலம் பேசும் பேயாக.

அப்போது நாங்கள் டென்மார்க்கில் பிராண்டே என்ற சிறு நகரில் இருந்தோம். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, எங்களோடுதான் இருந்தார். பெரியப்பாவை நான் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு காலை வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அவருக்கு என்ன நடந்தது என்று சொல்வாருமில்லை. பெரியம்மா ஒவ்வொரு நாளும் குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு, சிவப்போ பச்சையோ நல்ல நிறமாக ஒரு சட்டை போட்டுக்கொண்டு, முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போய் வருவார். பெரியப்பாவைப் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்த ஒக்டோபரில் எங்கள் ஆங்கில ஆசிரியை, படித்த பேய்க்கதைகளையெல்லாம் வேடம் போட்டு மீட்டிப் பார்ப்போம் என்றார். குடைந்த பூசணிக்காய்க்குள் கையை விட்டு ஆளுக்கொரு சீட்டு எடுத்தோம். சீட்டில் உள்ள பாத்திரமாக வரவேண்டும். வகுப்பு அதன் மனதைப் பற்றி மூன்று கேள்வி கேட்கும்: உனக்கு என்ன வேண்டும், எதை மறைக்கிறாய், எதற்குப் பயப்படுகிறாய். பதிலைக் கேட்டு அது யாரென்று கண்டுபிடிக்க வேண்டும்.

எனக்கு வந்தவள், கடலுக்குப் போன கணவனுக்காக யன்னலோரம் காத்து நிற்கும் பெண். செத்துப்போனவள், செத்தது அவளுக்கே தெரியாது. வேறு பையனென்றால் சீட்டை மாற்றக் கேட்டிருப்பான். எனக்கோ சந்தோசத்தில் கால் நிலத்தில் நிற்கவில்லை. அதுவரை ஆங்கில வகுப்பில் நான் வாய் திறந்ததே கிடையாது. பேய் என்றால் மெதுவாகக் கதைக்கலாம். பிழை விட்டாலும் அது பேய் விட்ட பிழை.

மற்றவர்கள் கட்டில் விரிப்பைப் போர்த்திக்கொண்டு வருவார்கள். எனக்கு அசல் உடுப்பு வேண்டும். இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேன்.

"பெரியம்மா, உங்களிட்டை வெள்ளைச் சீலை இருக்கே?"

அப்பாவின் கை சோற்றுக் கோப்பையிலேயே நின்றது. அம்மா எழும்பி வந்து என் முதுகில் ஒன்று போட்டார்.

"ஆரைப் பாத்து என்ன கேக்கிறாய்?"

நம் ஆட்களில் கணவனை இழந்த பெண்ணுக்குத்தான் வெள்ளைச் சேலை. அது எனக்கு அன்று தெரியாது.

"பொடியன் பேய்க்குத்தானே கேக்கிறான், விடு" என்றார் பெரியம்மா. "இருக்கு, தாறன்."

"உங்களிட்டை எங்காலை அக்கா?" என்றார் அம்மா.

பெரியம்மா எழும்பி அறைக்குப் போனார். கட்டிலுக்குக் கீழே கிடந்த பெட்டியை இழுத்து, அடியிலிருந்து எடுத்துத் தந்தார். மடிப்புக் கலையாத சேலை. கடைக்காரன் ஒட்டிய துண்டுகூட அப்படியே இருந்தது. பிறகு அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "ஒரு கறை படக்கூடாது. பட்டால் வீட்டுப் பக்கம் வராதை" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பெரியம்மாவே காற்சட்டைக்கு மேலே சேலையைச் சுற்றி, ஏழு சட்டைப்பின் குத்தி, முகத்துக்குப் பவுடரும் பூசிவிட்டார்.

"பேய் என்ன பாசை கதைக்கும்?"

"இங்கிலிஷ்."

"நல்லது. எனக்கு விளங்காது."

அப்பா காரில் கூட்டிப்போய், பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே இறக்கிவிட்டு, திரும்பிப் பாராமல் போய்விட்டார்.

வகுப்பில் திரைச்சீலைகளை இழுத்து மூடி மெழுகுதிரி கொளுத்தியிருந்தார்கள். நான் யன்னலடியில் போய் நின்றேன். முதல் இரண்டு கேள்விக்கும் பாடமாக்கி வந்ததைச் சொன்னேன். எதற்குப் பயம் என்று கேட்டதும் எல்லாம் மறந்துபோனது. வாயில் வந்ததைச் சொன்னேன்: "எனக்குத் தபால்காரரைக் கண்டால் பயம்."

பின் வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை. ஏன் பயம் என்று கேட்டார்.

"கடிதம் வந்தால், அவர் இனி வரமாட்டார் என்று அதிலே எழுதியிருக்கும். இன்னும் ஒருவரும் எழுதவில்லை."

நான் ஒன்றும் யோசித்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கதவுத் துவாரத்தால் கடிதங்கள் விழும் சத்தம் கேட்டால் பெரியம்மா குசினிக்குப் போய்த் தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிடுவார். அம்மா கடிதங்களைப் பார்த்து முடிக்கும்வரை மூடமாட்டார். அதுதான் வாயில் வந்தது. ஆசிரியை தலையிலிருந்த சூனியக்காரித் தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டு, நான் சொன்னதை முழுதாகக் கரும்பலகையில் எழுதினார். உடனே பாதி வகுப்பு அவள் யாரென்று ஒன்றாகக் கத்தியது. கை தட்டினார்கள். எனக்கு, என் ஆங்கிலத்துக்கு.

அந்தக் கும்மாளத்தில் கொலைகாரனாக வந்த பையன் என்னைக் கட்டிப்பிடித்தான். அவன் கையில் இரத்தம் என்று கொண்டுவந்த போத்தல். உள்ளே பீட்ரூட் ஊறுகாய்ச் சாறு. சேலை இடுப்பிலிருந்து கரை வரை சிவந்துபோனது. கழிவறையில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். கறை இன்னும் பரந்தது.

வீட்டில் பெரியம்மா மட்டும் இருந்தார். வாசலிலேயே நின்றேன்.

"நான் வேணுமெண்டு செய்யேல்லை, பெரியம்மா."

அவர் சேலையை வாங்கி விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன இது?"

"பீட்ரூட்."

"அப்ப போகாது."

பிறகு சிரித்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "இனி இதை ஒருத்தரும் உடுக்கேலாது. நல்ல வேலை செய்தாய், ராசா" என்று சொல்லி, சேலையை நான்காகக் கிழித்துத் துடைக்கும் துணிகளோடு போட்டார். அன்று எனக்கு வாழைப்பழம் பிசைந்து வாய்ப்பன் சுட்டும் தந்தார். நான் நன்றாக நடித்ததற்குத்தான் அந்த வாய்ப்பன் என்று எண்ணி ஆறு சாப்பிட்டேன்.

அந்தச் சேலை, பெரியம்மா வெளிநாடு புறப்படும்போது, எப்போதாவது தேவைப்படும் என்று பெரியப்பாவின் சகோதரங்களே வாங்கிப் பெட்டியில் வைத்தது என்பதை, எனக்குக் கலியாணமான பிறகுதான் அம்மா சொன்னார்.

போன கிழமை, இப்போது வைலே நகரில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். முதியோர் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கும் படிவத்தை என்னிடம் தந்து, "நீயே நிரப்பிக் குடு தம்பி" என்றார். கீழே வந்து காருக்குள் இருந்து நிரப்பினேன். திருமணமானவரா, விதவையா என்று கேட்டு இரண்டு பெட்டிகள் இருந்தன. திருமணமானவர் என்ற பெட்டியில் புள்ளடி போட்டு, கடிதவுறையை ஒட்டினேன்.