பாய் ஜோரா தமிழ் பேசுறாரு

பிள்ளைகளே, நேற்றுத் தெருமுனைக் கூட்டத்திலிருந்து வந்த உங்களில் பெரியவன் சொன்னான்: "அந்தாளு பேச்சே நம்பாளு மாரி இல்லப்பா." என்ன பேசினார் என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை. பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். அந்தக் கோபத்தில் பாதிதான் அவன்மேல். மீதி யார்மேல் என்று எழுதுகிறேன்.

ஐம்பதுகளில் பழவேற்காட்டில் மைக் செட் போட்டவன் நான். எட்டாவதோடு நின்றவனுக்கு அது கலெக்டர் உத்தியோகம். ஆம்பிளிபயர் சூடேறினால் தூசி கருகும் வாசனை வரும், கருவாட்டுக் காற்றையும் மீறி. இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை அடித்தால் பஞ்சாயத்துத் தேர்தல் கூட்டம்தான் நினைவுக்கு வரும்.

போட்டியிட்ட இருவருக்கும் ஒரே மேடை. முதலில் பேசியவர் ஜவுளிக்கடை காதர் பாய். ஏரிக்கு அப்பால் தீவுக் குப்பங்களில் பிரசவ வலி கண்டால் பாய்மரப் படகுதான் கதி, காற்று விழுந்தால் அதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு மோட்டார் படகு வேண்டும், அதற்கு யாரிடம் மனுக் கொடுப்பது, டீசலுக்கு என்ன வழி என்று வரிசையாகச் சொன்னார். என் அக்கா அந்தத் தீவில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அப்போது ஏழாம் மாதம்.

கூட்டத்தில் என்ன பேச்சு தெரியுமா?

"பாய் இன்னா ஜோரா தமிழ் பேசுறாரு பாரேன்!"

"உருதுல எடுத்து உடுவாருன்னுல்ல பாத்துக்கினு இருந்தேன்!"

அவர் வீட்டில் பாட்டன் பூட்டன் காலந்தொட்டுத் தமிழ்தான். நாக்கைப் பார்த்தார்களே தவிர, படகை ஒருத்தனும் காதில் வாங்கவில்லை.

அடுத்து அரிசி மில்காரர். வேட்டியை மடித்துக் கட்டி, "இன்னா நைனா, கூழு குட்ச்சிட்டு வந்தியா? நானும் அதாம்பா குட்ச்சேன்!" என்றார். ஒரே விசில். மில் முதலாளியாவது, கூழாவது! "நம்பாளுடா!" என்று கத்தியதில் என் குரலும் உண்டு. கத்தியதோடு விட்டேனா? சத்தம் கூட்டும் குமிழை அவருக்கு முழுக்கத் திருப்பினேன். பாய்க்கு அதில் பாதிகூட வைக்கவில்லை. யாரும் சொல்லிச் செய்யவில்லை. கை தானாகப் போயிற்று.

நம்பாள் ஜெயித்தார். படகு வரவில்லை. காற்றே இல்லாத ஒரு மத்தியானம் அக்காவைக் கழி ஊன்றித் தள்ளியே கரை சேர்த்தார்கள். அவள் பிழைத்தாள். குழந்தை நடு ஏரியிலேயே போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு வந்த பாய் என் தோளைத் தொட்டார். "நான் இன்னும் சத்தமா பேசியிருக்கணும் தம்பி. பின்னால இருந்தவங்களுக்குக் கேக்கல போலருக்கு."



இன்று அந்தப் பாய்மரங்கள் இல்லை, குழாய் ஸ்பீக்கர்கள் இல்லை, பாயும் இல்லை. நம்பாளா என்ற கேள்வி மட்டும் என் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மைக் செட் கொட்டகைக்குப் போனேன். யாருமில்லை. ஓர் ஆணியை எடுத்து, குமிழுக்குப் பக்கத்தில் தகட்டில் ஒரு கோடு கீறினேன், இனி யார் ஏறிப் பேசினாலும் அதுவரைக்கும் திருப்ப.