கடிதம் வராத வீட்டில் தபால்காரர்

செந்துறைப் பக்கம் என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊரில் ஒரு தபால்காரர் இருந்தார். ஒல்லியான ஆள். எந்த வெயிலிலும் காக்கிச் சட்டையின் கழுத்துப் பித்தானைக் கழற்றமாட்டார்.

மச்சான் முப்பத்து நான்கு வயதில் புற்றுநோயில் போய்விட்டார். அதன்பிறகு சனிக்கிழமைதோறும் அரியலூரிலிருந்து பஸ் ஏறி அக்காவையும் பிள்ளைகளையும் பார்த்துவருவேன். போகிறபோதெல்லாம் அந்தத் தபால்காரர் அக்கா வீட்டு வாசலில் நிற்பார். கடிதம் எதுவும் இருக்காது.

"தங்கச்சி, ஒரு சொம்பு தண்ணி குடும்மா!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுவார். எல்லோரும் அண்ணாந்து குடிக்கும் சொம்பில் வாய் வைத்து, நின்று நிதானமாகக் குடிப்பார். எதிர் டீக்கடையிலிருந்து பார்க்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புருஷன் இல்லாத வீட்டில் இவருக்கு என்ன உரிமை?

ஒருநாள் சைக்கிளை மறித்தேன்.

"ஏங்க, வேற வூட்டுல தண்ணி கெடைக்காதா?"

அவர் கோபப்படவில்லை.

"கெடைக்கும் தம்பி. ஒங்க மச்சானுக்கு வந்தது ஒட்டுவாரொட்டி நோவு, தொட்டாலே தொத்திக்கும்னு ஊருல பேசிக்கிறாங்க. ஒங்க அக்கா கறக்குற பால ஒருத்தரும் வாங்க மாட்டேங்குறாங்க. அப்பறம் புள்ளைங்க எப்புடிச் சாப்புடும்? நான் வாய் வச்சுக் குடிக்கிறத நாலு பேரு பாக்கட்டும்னுதான்."

பெடலில் கால் வைத்தவர் திரும்பினார்.

"நீங்க ஏன் தம்பி, அக்கா வூட்டுல குடிக்காம டீக்கடையிலயே குடிக்கிறீங்க?"

இத்தனை நாளும் நான்தான் அவரைக் கவனித்துவந்ததாக நினைத்திருந்தேன்.