செத்தவீட்டில் நான் யார்

எழுபதுகளில் திருகோணமலை ஆஸ்பத்திரியில் மனநோய்க் கிளினிக் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். 'நரம்புக் கிளினிக்' என்போம். விசர், பைத்தியம் என்ற சொல் ஒரு வீட்டில் ஒட்டிக்கொண்டால் அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேச ஒருவரும் வரமாட்டார்கள். டொக்டர் மாதத்துக்கு ஒருநாள் கொழும்பிலிருந்து வந்து மருந்து எழுதிவிட்டுப் போவார். மிச்சக் கதையெல்லாம் தாதியான என்னோடுதான்.

கட்டைபறிச்சான் என்ற ஊரிலிருந்து ஓர் இளைஞன் வருவான். மூதூரில் லோஞ்ச் படகு ஏறிக் குடாவைக் கடந்து வருவான். தங்கச்சிக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தபடியால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. "அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டா, மிஸ்ஸி" என்பான். கடைசியாக வந்த அன்று நேராகவே கேட்டேன்.

"சாகிற எண்ணம் வருகுதோ?"

"இல்லை மிஸ்ஸி. இப்ப நல்லா நித்திரை வருகுது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன். அடுத்த கிழமை மூதூரிலிருந்து மருந்தெடுக்க வந்த ஒரு அம்மா, அவன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான் என்று சொன்னா.

எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். "உம்மில ஒரு பிழையும் இல்லை" என்றா தாதிமாருக்குப் பொறுப்பான மேற்றன். "இந்த வேலையில இது வரும்" என்றார் வார்ட் டொக்டர். மேசையில் சிந்திய தேத்தண்ணியைத் துடைப்பதுபோல அவ்வளவு சுலபமாகச் சொன்னார்கள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பிழை இல்லையென்றால் அவன் ஏன் இல்லை?

அந்தக் கிழமை வேலை செய்தேன் என்று சொல்ல ஏலாது. யார் "இல்லை" என்றாலும் நம்பவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரு கிழவர் எரிந்து விழுந்தார். "நீங்கள் என்னோட கதைக்கேல்லை பிள்ளை. வேற ஆரோடயோ கதைக்கிறீங்கள்" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

செத்தவீட்டுக்குப் போகவேண்டாம், வீண் பிரச்சினை வரும் என்று மேற்றன் மறித்திருந்தா. அதனால் பிரேதம் எடுத்த அன்று போகவில்லை. எட்டுச்செலவு அன்று, அதுதான் எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்கும் நாள், மனம் கேட்கவில்லை. லீவு போட்டுவிட்டு, வெள்ளைச் சீலை உடுத்து லோஞ்ச் ஏறினேன். அந்தத் தாயிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும், அவ என்ன ஏச்சு ஏசினாலும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் போனேன்.

அவன் வீட்டுக்குள்ளே பாயில் பெண்கள் இருந்தார்கள். செத்தவீட்டில் யாரும் சும்மா வந்து இருந்துவிட முடியாது. மாமியா, மச்சாளா, சித்தியா என்று தெரிந்தால்தான் எந்தப் பக்கம் இருத்துவது, யார் கட்டிப்பிடித்து அழுவது என்று அவர்களுக்கு விளங்கும்.

"ஆர் பிள்ளை நீங்கள்? என்ன முறை?"

"தெரிஞ்சவர். ரவுனில இருந்து வந்தனான்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அவன் வயதுதான் இருக்கும். கழுத்தில் தாலியும் இல்லை. "மாதாமாதம் வெளிக்கிட்டு லோஞ்ச் ஏறினது இவளிட்டத்தானோ!" என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்கும் கேட்டது. நான் அவன் விரும்பிய பெண்ணாம். நான் கைவிட்டபடியால்தான் அவன் செத்தானாம்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இல்லையென்றால் பிறகு யார் என்று சொல்லவேண்டும். குசினி வாசலில் தங்கச்சிக்காரி சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். வாயை மூடிக்கொண்டேன். கொட்டிவிட வந்தவள் விழுங்கிக்கொண்டு நின்றேன்.

தாய் எழும்பி வந்தா. அடிக்கப்போறா என்று நினைத்தேன். என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினா.

"உன்னட்ட வந்திட்டுப் போனால் நல்லாத்தானே இருந்தவன். முகத்தைப் பார்த்தும் உனக்குத் தெரியேல்லையோ? ஒண்டுமே தெரியேல்லையோ, பிள்ளை?"

ஒருவருமே என்னிடம் கேட்காத கேள்வி அது. நான் மட்டும் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி.

"தெரியேல்லை அம்மா" என்றேன். அதோடு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன். அவ என்னை இழுத்துத் தன் பக்கத்தில் இருத்தினா. மற்றப் பெண்கள் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார்கள். அந்த வீட்டில் எனக்கு ஒரு முறை கிடைத்துவிட்டது. அது பொய்யான முறை. அவனுடைய ஊரில் அந்தப் பழி என் பேரில் இன்னும் இருக்கும். இருக்கட்டும்.

படைத்த சோற்றை எனக்கும் ஒரு வாழையிலையில் போட்டுத் தந்தா. நான் வெளிக்கிடும்போது வாசல் படலை வரை வந்தா.

"அவன் என்னைப் பற்றி ஏதும் கதைச்சவனோ?"

"ஓம் அம்மா. வாற நேரமெல்லாம் உங்களைப் பற்றித்தான்."

என்ன கதைத்தான் என்று அவ கேட்கவில்லை. கேட்டிருந்தால், சொல்லாமல் வந்திருக்க என்னால் ஏலாது.